ஒன்றாம் வகுப்பு டீச்சரின் காது

எங்கள் பள்ளியின் ஒன்றாம் வகுப்பு டீச்சருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் 'என்னைப் பாரு டீச்சர்'. ஏதாவது ஒரு பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டு முணுமுணுத்தால் போதும். இவள் குனிந்து, அதன் தாடையை இரண்டு விரலால் நிமிர்த்தி, "என்னைப் பாரு, பாத்துச் சொல்லு" என்பாள். பென்சில் தொலைந்த கதையானாலும் சரி, பக்கத்துப் பையன் கிள்ளிய வழக்கானாலும் சரி, அவள் முகத்தைப் பார்த்துத்தான் சொல்லியாக வேண்டும். அவளிடம் படித்துவிட்டு என்னுடைய இரண்டாம் வகுப்புக்கு வரும் பிள்ளைகள், நான் கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்றால் வாயையே திறக்காது. நான் திரும்பும்வரை காத்திருக்கும். இவ்வளவு ஒழுங்காகப் பழக்கி அனுப்புகிறாளே என்று எனக்குப் பொறாமையாகக்கூட இருக்கும்.

எங்கள் இரண்டு வகுப்புக்கும் நடுவில் வெறும் பலகைத் தட்டிதான். நான் தொண்டை கிழியக் கத்துகிற ஆள். மற்ற டீச்சர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள். அவள் மட்டும் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. எவ்வளவு நல்ல மனசு என்று நினைத்துக்கொள்வேன். ஆசிரியர் அறையில் அவளுக்கென்று ஒரு நாற்காலி உண்டு, ஜன்னலுக்கு முதுகு காட்டிப் போட்டது. அதில் யார் உட்கார்ந்திருந்தாலும் எழுப்பிவிடுவாள். கணக்கு வாத்தியாரோடு அதற்காக ஒருமுறை சண்டையே போட்டிருக்கிறாள். "என்னவோ சிம்மாசனம் மாதிரி அலையறியே" என்று நான் கேலி செய்ததற்குச் சிரித்தாளே தவிர, விட்டுக்கொடுக்கவில்லை.

பிறகு அந்த நோய் வந்தது. பள்ளிக்குப் பூட்டுப் போட்டார்கள். நாங்களெல்லாம் பாடத்தைக் குரலில் பதிவு செய்து ஃபோனில் அனுப்பிவிட்டு, கடமை முடிந்தது என்று இருந்தோம். அவள் மட்டும் ஒவ்வொரு பிள்ளையையும் தனித்தனியாக வீடியோவில் கூப்பிட்டாள். வீட்டில் இருக்கும் ஒரே ஃபோன் அப்பாவோடு வேலைக்குப் போயிருந்தால், அவர் திரும்பி வரும்வரை காத்திருந்து கூப்பிட்டாள்.

"உனக்கு வேற வேலையே இல்லையா?" என்று கேட்டேன்.

"மூஞ்சியப் பாக்காம எனக்குப் பாடம் வராது" என்றாள்.

நல்ல பேச்சாக இருக்கிறதே என்று நான் அதை நாலு பேரிடம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அவள் சொன்னது அப்பட்டமான உண்மை என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

ஒருவழியாகப் பள்ளியைத் திறக்கலாம் என்று முடிவானதும் எங்கள் தலைமையாசிரியை பெரிய மேடம் சொந்த மகளுக்குக் கல்யாணம் வைத்தவர் மாதிரி ஆகிவிட்டார். ஜன்னல்களை யாரும் மறந்தும் சாத்திவிடக் கூடாது என்று கதவுகளையே கழற்றச் சொன்னார். பெஞ்சுக்கு ஒரு பிள்ளை. பாதிப் பிள்ளைகள் ஒருநாள், மீதிப் பேர் மறுநாள். போக ஒரு வழி, வர ஒரு வழி. பாட்டு அறையைக் காலி செய்து, உடம்பு சரியில்லாத பிள்ளையைத் தனியாக உட்கார வைக்கும் அறை ஆக்கினோம். தாழ்வாரத்தில் பிள்ளைகள் விலகி நிற்க வட்டம் போடுகிற வேலை என் தலையில் விழுந்தது. நான் ஒரு தட்டைக் கவிழ்த்து வைத்துப் பெயிண்டில் வரைந்தேன். மேடம் வந்து பார்த்துவிட்டு, "இதுல பிள்ளை நிக்குமா, இல்ல பூனை நிக்குமா?" என்று கேட்டார். எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி போட்டேன்.

வாசலில் ஒரு டீச்சர் நின்று ஒவ்வொரு பிள்ளையிடமும் கேட்க வேண்டும். காய்ச்சல் இருக்கா? இருமல் இருக்கா? வீட்டுல யாருக்காவது உடம்பு சரியில்லையா? இதற்கு மேடம் தேர்ந்தெடுத்தது ஒன்றாம் வகுப்பு டீச்சரை. "மாஸ்க் போட்டிருந்தாலும் பிள்ளைங்க பயப்படாத ஆள் வேணும்" என்றார். அவள் வேறு யாரையாவது போடச் சொல்லி இழுத்துப் பார்த்தாள். மேடம் கேட்கவில்லை.

திறப்பதற்கு முன்னால் ஒரு ஒத்திகை வைத்தோம். டீச்சர்களே மாஸ்க் போட்டுக்கொண்டு பிள்ளைகளாக வரிசையில் நின்றோம். என் முறை வந்தபோது, "எங்க வீட்டுக்காரருக்கு மண்டைல கோளாறு டீச்சர்" என்றேன்.

"அப்படியா, நல்லது. உள்ள போ" என்றாள் அவள்.

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவள் என்னை மடக்கிவிட்டாள் என்று நானும் சிரித்தேன்.

பள்ளி திறந்த அன்று காலை அவள் வாசலில் நின்றாள். நான் பின்னால் நின்று பிள்ளைகளின் கையில் சோப்புத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். பெரும்பாலான பிள்ளைகள் கேள்விக்குத் தலையை ஆட்டிவிட்டு ஓடின. அவளும் கண்ணால் சிரித்து அனுப்பிக்கொண்டிருந்தாள். அப்புறம் வந்தது ஒரு வாயில்லாப் பூச்சி. அந்தப் பெண்குழந்தை மூச்சுவிடுவதுகூட யாருக்கும் கேட்காது. தையல்கடையில் வேலை பார்க்கும் ஒருத்தியின் மகள். அம்மா தெருமுனையிலேயே விட்டுவிட்டு வேகமாகப் போய்விட்டாள்.

"வீட்டுல எல்லாரும் நல்லாருக்காங்களா கண்ணு?"

"அப்பாவுக்குக் காய்ச்சல் டீச்சர். ராத்திரி பூரா இருமினாங்க." குழந்தை அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னது பின்னால் நின்ற எனக்கே தெளிவாகக் கேட்டது.

"நல்ல பொண்ணு. உள்ள போ."

நான் கையிலிருந்த குவளையைப் போட்டுவிட்டேன். குழந்தை சமர்த்தாக வட்டம் வட்டமாகத் தாண்டி வகுப்பை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. ஓடிப்போய் மறித்து, தனி அறையில் உட்கார வைத்து, அம்மாவுக்கு ஃபோன் செய்தேன். அம்மா வந்தாள். யார் முகத்தையும் பார்க்காமல் குழந்தையைக் கூட்டிக்கொண்டு போனாள்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. பிள்ளைகளை அனுப்பிய பிறகு அவளுடைய வகுப்புக்குள் நுழையும்போதே ஆரம்பித்துவிட்டேன். இத்தனை பாடுபட்டுத் திறந்து முதல் நாளே இப்படியா, காதை எங்கே கழற்றி வைத்துவிட்டு வந்தாய் என்றெல்லாம் பொரிந்து தள்ளினேன். அவள் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். திரும்பவே இல்லை. எனக்கு இன்னும் ஏறியது. முன்னால் போய் நின்று கத்தினேன்.

அவள் என் கண்ணை மாறி மாறிப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "தள்ளி ஜன்னல்கிட்ட போய் நின்னு மாஸ்க்கை எறக்கு. நீ திட்டறேன்னு தெரியுது. என்னன்னு தெரியல."

ஜன்னலோரம் போய் நின்றேன். மாஸ்க்கை இறக்கினேன். ஆனால் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

வலது காது சின்ன வயதிலேயே போய்விட்டதாம். இடது காது சில வருஷமாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருக்கிறதாம். உதட்டைப் பார்த்துத்தான் இத்தனை காலமும் ஓட்டியிருக்கிறாள். ஜன்னல் வெளிச்சம் எதிரே இருப்பவர் முகத்தில் விழத்தான் அந்தச் சிம்மாசனம்.

"மெஷின் வெச்சுக்கலாமே?" என்றேன்.

"வாங்கி வெச்சிருக்கேன். ஃபேன் சத்தமும் பெஞ்ச் இழுக்கற சத்தமும் நேரா மண்டைக்குள்ள வந்து விழுது. பேச்சு மட்டும் வரமாட்டேங்குது. இப்போ இந்த மாஸ்க் கயிறு வேற அதை இழுத்துக் கீழ தள்ளிடுது."

"என்கிட்டகூடச் சொல்லணும்னு தோணலையா உனக்கு? பக்கத்து வகுப்புலதானே இருக்கேன்?" என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் காது போனதற்காக அழுதேனா, என்னிடம் மறைத்ததற்காகவா என்று கேட்டால், அந்த நிமிஷம் இரண்டாவதற்குத்தான்.

"முன்னாடி வேலை பாத்த பள்ளிக்கூடத்துல தெரிஞ்சுபோச்சு. யாரும் ஒண்ணும் திட்டல. மரியாதையாத்தான் நடந்துக்கிட்டாங்க. இனிமே லைப்ரரியப் பாத்துக்கோங்கன்னு சொல்லிட்டாங்க. புத்தகத்தத் தொடச்சுத் தொடச்சு அடுக்கிட்டு உக்காந்திருந்தேன். பிள்ளைங்க சத்தம் போடக் கூடாத இடம் அது. ஒருத்தரும் என்கிட்டப் பேசல. மறுபடி அப்படி ஒரு மூலைல உக்கார என்னால முடியாது."

அவளே நேராகப் பெரிய மேடத்திடம் போனாள். கூட நானும் போனேன். மேடம் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, நாற்காலியைப் பின்னால் தள்ளிப் போட்டு மாஸ்க்கை இறக்கினார். அப்புறம் தலையை நிமிர்த்தி, நிதானமாகப் பேசினார்.

"மறைச்சதுல எனக்குக் கோவம்தான். அதை அப்புறம் வெச்சுக்கலாம். நாளைக்கு ஒரு பிள்ளை மூச்சு முட்டுதுன்னு சொல்லி உங்களுக்குத் தெரியாமப் போச்சுன்னா, பெத்தவங்களுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?"

மேடம் சொன்னதில் தப்பே கிடையாது என்பதுதான் கொடுமை. பெற்றோரைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்வது, அவர்கள் ஒத்துக்கொண்டால் வகுப்பு அவளுக்கு, இல்லையென்றால் வேறு ஆளுக்கு என்று முடிவாயிற்று. அதுவரை தட்டியை எடுத்துவிட்டு இரண்டு வகுப்பையும் நானே கத்திச் சமாளிக்க வேண்டும்.

"நானே அவங்ககிட்டச் சொல்றேன் மேடம்" என்று மட்டும் கேட்டுக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனேன். வாசலோடு நின்றுகொண்டேன். அழைப்பு மணியை அழுத்தினால் அந்த வீட்டில் சமையலறை விளக்கு எரிந்து அணையும். முன்பெல்லாம் அதை ஏதோ பகட்டு என்று நினைத்திருந்தேன். கல்லூரியில் படிக்கும் மகள் அம்மாவைக் கூப்பிட வேண்டுமென்றால் தரையில் காலை ஓங்கித் தட்டுவாள். அவள் கணவர் பஸ் கண்டக்டர்.

"நாள் பூரா பஸ்ஸுல கத்திட்டு வர்றவன் நான். வீட்டுக்குள்ள வந்தா கத்தாம, மூஞ்சியப் பாத்துப் பேசணும்னு பழக்கினது இவதான். சண்டை போடறதா இருந்தாக்கூட எதிர்ல வந்து நின்னுதான் போடணும். பாதிக் கோவம் அதுலயே போயிடும்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

பெற்றோர் கூட்டத்தை விளையாட்டுத் திடலில் வைத்தோம். நாற்காலிகளை எட்ட எட்டப் போட்டிருந்தோம். அந்தக் குழந்தையின் அப்பாவுக்குச் சோதனையில் ஒன்றுமில்லை, சாதாரணச் சளிதான் என்று அதற்குள் தெரிந்துவிட்டது. நல்லவேளை, இல்லையென்றால் கூட்டமே கூடியிருக்காது.

அவள் எழுந்து நின்று சுற்றி வளைக்காமல் சொன்னாள். தனக்குக் காது கேட்காது, உதட்டைப் பார்த்துத்தான் தனக்குப் புரியும், வாசலில் தப்பு நடந்தது தன்னால்தான். சொல்லி முடித்ததும் திடலில் சலசலப்பு. பக்கத்து நாற்காலிப் பக்கம் சாய்ந்து பேசிக்கொண்டார்கள். அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். எல்லா முகத்திலும் மாஸ்க். யார் பாவம் என்கிறார்கள், யார் வேண்டாம் என்கிறார்கள் என்று அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. தன் பிழைப்பைப் பற்றித் தன் கண்ணெதிரே பேசுகிறார்கள், அது இன்னதென்று தெரியாமல் நின்றாள். அந்த நிலைமை என் எதிரிக்கும் வரக் கூடாது.

கண்ணாடி போட்ட ஒரு அப்பா எழுந்தார். "டீச்சர் மேல எங்களுக்கு மரியாதை இருக்கு. ஆனா இந்த நேரத்துல பிள்ளைங்க விஷயத்துல…" என்று இழுத்தார். சிலர் தலையாட்டினார்கள். நியாயமான மனிதர்தான். இருந்தாலும் அவரை எனக்கு அப்போது பிடிக்கவில்லை.

அப்போதுதான் கடைசி வரிசையிலிருந்து, தையல்கடையில் வேலை பார்க்கும் அந்தக் குழந்தையின் அம்மா எழுந்தாள். யாரையும் ஒட்டாமல், பின்னால் சுற்றுச்சுவர்வரை தள்ளிப்போய் நின்றுகொண்டு மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கினாள். கையை உயர்த்தி ஆட்டி, டீச்சரைத் தன்னைப் பார்க்க வைத்தாள். பிறகு உதட்டை நன்றாக அசைத்துப் பேசினாள்.

"டீச்சர், அவ அப்பாவுக்குக் காய்ச்சல்னு எனக்கு முன்னாடியே தெரியும். வெளிய தெரிஞ்சா கடைக்கு வராதேன்னுடுவாங்கன்னு பயம். பள்ளிக்கூடத்துல யார் கேட்டாலும் வாயத் தொறக்காதேன்னு மிரட்டித்தான் அனுப்புனேன். அவ யார்கிட்டயும் பேசமாட்டா, மறைச்சிடுவான்னு நெனச்சேன். ஆனா உங்ககிட்ட மட்டும் சொல்லிட்டா." அவள் எல்லோர் பக்கமும் பார்த்தாள். "நல்லா கேக்கற காது உள்ளவங்கள வாசல்ல நிறுத்தியிருந்தா எம் பொண்ணு ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டா. எங்க பிள்ளைங்க உண்மையச் சொல்ற ஆளு இவங்க. இவங்கள மாத்திட்டு அப்புறம் என்ன கேள்வி கேட்டு என்ன பிரயோஜனம்?"

கண்ணாடிக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அப்போ வாசல்ல கூட ஒரு டீச்சரையும் சேத்து நிறுத்திடுங்க மேடம்" என்றார். பிள்ளைகளின் வாய் டீச்சருக்குத் தெரிகிற மாதிரி, நடுவில் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் வைத்து மாஸ்க் தைத்துத் தருகிறேன் என்றாள் அந்தத் தையல்கடை அம்மா. மேடம் என்னைப் பார்த்தார். "நீங்க ரெண்டு பேரும் சேந்தே வாசல்ல நில்லுங்க. பிள்ளைங்க அவங்ககிட்டச் சொல்லட்டும், நீங்க கேளுங்க. வகுப்பு அவங்களோடதுதான்" என்றார்.

நான் அவளிடம் திரும்பினேன். அவள் மேடத்தைப் பார்க்கவே இல்லை. சுவரோரம் நின்ற அந்த அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முன்னால் போய், தள்ளி நின்று, மாஸ்க்கை இறக்கினேன்.

"புரிஞ்சுதா? வகுப்பு உன்கிட்டயேதான் இருக்கு."

"அது இருக்கட்டும்" என்றாள். கண்ணிலிருந்து வழிந்து மாஸ்க் நனைந்திருந்தது. "அவங்க சொன்னத இன்னொரு தடவ சொல்லச் சொல்லேன்."

இத்தனை வருஷத்தில், சொன்னதை இன்னொரு தடவை சொல்லச் சொல்லி அவள் யாரிடமும் கேட்டு நான் பார்த்ததில்லை. கேட்டால் காது தெரிந்துபோகும் என்று பயந்தே வாழ்ந்திருக்கிறாள். நான் கையை ஆட்டி, திடல் முழுக்கக் கேட்கும்படி என் வழக்கமான சத்தத்தில், டீச்சர் மறுபடி சொல்லச் சொல்கிறார் என்று கத்தினேன். அந்த அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு, முதலிலிருந்து மெதுவாகச் சொன்னாள்.