தானாக இறங்கிய கலப்பை

புதன்கிழமை மத்தியானம் சேவூரிலிருந்து சாரதாமணி போன் செய்தார்.

"அண்ணா, தூக்கி வெச்ச கலப்பை தானா எறங்கிருச்சுங்க. எஞ்சினை நிறுத்திப்போட்டு, கொழுவுல சிக்குன வேரை எடுக்கலாம்னு குனிஞ்சனுங்க. கால் தப்பிச்சுது. செருப்புத்தான் போச்சுங்க."

ஞாயிற்றுக்கிழமை வந்து பார்ப்பதாகவும் அதுவரை வண்டியைத் தொட வேண்டாம் என்றும் ராக்கையா சொன்னார். மூன்று நாளைக்கு முன்னால்தான் அந்த டிராக்டரை அவர் சரிசெய்து கொடுத்திருந்தார்.

சாயல்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர் அவர். அருள்புரத்தில் பனியன் வேஸ்ட்டைப் பொதியாக அழுத்தும் மிஷினோடு இருபத்திரண்டு வருடம் ஓடிவிட்டது. எண்ணெயின் அழுத்தத்தில் ஓடும் மிஷின் அது. பழைய டிராக்டரில் கலப்பையைத் தூக்குவதும் அதே வித்தைதான் என்று ஒருமுறை கண்டுகொண்டார். அதிலிருந்து, நாற்பது வருடத்து வண்டிகளைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமைகளில் ஆள் கூப்பிட ஆரம்பித்துவிட்டது. சாரதாமணியின் வண்டி கலப்பையைத் தூக்காமலே கிடந்தது. வடிகட்டியில் அடைத்திருந்த கசடைக் கழுவி, புது எண்ணெய் ஊற்றியதும் தூக்கிவிட்டது.

அன்றைக்குத் துடைப்பதற்குப் பனியன் துணி மூன்று துண்டு கொண்டுபோயிருந்தார். திரும்ப வெளியே எடுத்தது மூன்றா, இரண்டா? ஒரு நூல் பிரிந்து வால்வின் வாயில் சிக்கினாலே போதும், வால்வு முழுசாக மூடாது. எண்ணெய் கசியும், கலப்பை இறங்கிவிடும். நான்கு நாளும் அவர் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டே எழுந்தார். என்னவென்று கேட்ட மனைவி கருத்தம்மாவிடம் வெயிலின்மேல் பழியைப் போட்டார்.

ஞாயிறு காலையில் சேவூர் போய் இறங்கியதும், சாரதாமணியின் கணவர் தங்கராஜ் குரலை உயர்த்தாமல் சொன்னார்: "நீங்க கை வெச்ச பொறகுதானுங்க இப்படி ஆச்சு."

"பாத்துட்டுச் சொல்றேன்ணே. தப்பு என் மேலன்னா ஒத்துக்கிடுறேன்."

எஞ்சினை ஓடவிட்டுக் கலப்பையைத் தூக்கினார். சட்டென்று மேலே போனது. பிறகு விரல்கடை இறங்கியது, மறுபடி ஏறியது, மறுபடி இறங்கியது. எஞ்சினை நிறுத்தியதும் மெல்ல இறங்கித் தரையைத் தொட்டது.

"பம்பு நல்லா இருக்குண்ணே. எண்ணெயைத் தள்ளுது, தூக்குது. தூக்குனதைப் பிடிச்சு வைக்கத்தான் முடியல."

அப்படியென்றால் ஒன்று வால்வு, இல்லையென்றால் உள்ளே ஏறி இறங்கும் பிஸ்டன். சீட்டைக் கழற்றி, மேல்மூடியைச் செயின் போட்டுத் தூக்கினார்கள். முதலில் வால்வைத்தான் எடுத்தார். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு நூல்கூட இல்லை. விரலால் தடவினார், சுத்தமாக இருந்தது. பிறகு பிஸ்டனை உருவினார். எண்ணெய் கசியாமல் தடுக்க அதைச் சுற்றியிருந்த ரப்பர் வளையம் கரிபோல இறுகி, ஓரிடத்தில் துண்டாகத் தெறித்திருந்தது. போன வாரம் அவர் கை அந்த இடத்துக்குப் போகவே இல்லை.

மூச்சை இழுத்துவிட்டு அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டார்.

தங்கராஜ் வளையத்தை வாங்கிப் பார்த்தார். "இது பல வருசமா இப்படியே இருந்திருக்குமுங்க போல. அப்ப முன்னாடி ஏனுங்க எறங்கல?"

"முன்னாடி தூக்கவே இல்லையேண்ணே."

தங்கராஜுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரே பைக்கை எடுத்துக்கொண்டு அவிநாசிக்குப் போய்ப் புது வளையம் வாங்கி வந்தார். எல்லாவற்றையும் பூட்டிக் கலப்பையைத் தூக்கி, எஞ்சினை நிறுத்தினார்கள். சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தபோதும் அது நிறுத்திய உயரத்திலேயே நின்றது. சாரதாமணி பக்கத்தில் போய்ப் பார்க்கக் காலெடுத்து வைத்தார்.

"அக்கா, நில்லுங்க. எவ்வளவு நல்ல வண்டியா இருந்தாலும், கலப்பையைத் தரையில எறக்கிட்டுத்தான் கிட்டப் போகணும். போன வாரமே இதை நான் சொல்லியிருக்கணும்."

"இனி மறக்கமாட்டனுங்க," என்றார் சாரதாமணி.

திருப்பூரில் பஸ் மாறியதும் ராக்கையாவுக்குக் கண் சொக்கியது. அருள்புரம் வந்ததும் போனதும் அவருக்குத் தெரியாது. பல்லடத்தில் கண்டக்டர் தோளைத் தட்டி எழுப்பியபோது, திட்டு வாங்கிக்கொண்டே சிரித்தபடி இறங்கினார்.