மொபெட்டில் ஜெயித்தவள்

இட ஒதுக்கீட்டுப் போராட்டத்தில் சாலைகளில் மரங்களை வெட்டிப் போட்டிருந்த வாரம், கள்ளக்குறிச்சியில் பள்ளிக்கூடம் இல்லை. ஆசிரியர்களான நானும் மனைவியும் வீட்டிலேயே இருந்தோம். என் மோட்டார் சைக்கிளும் அவளுடைய மொபெட்டும் வாசலில் சும்மா நின்றன. உலக மோட்டார் சைக்கிள் பந்தயத்தைப் பற்றிப் படித்ததைச் சொன்னேன்: 125 சிசி வண்டியில் பேர் வாங்கினால் 250, அதிலும் தேறினால்தான் 500.

"அப்ப மொபெட்ல உங்கள ஜெயிச்சா உங்க வண்டி எனக்குங்களா?" என்றாள்.

பக்கத்து வீட்டு மொபெட்டையும் இரவல் வாங்கி, மரம் விழாத கச்சிராயபாளையம் சாலையில் ஓட்டினோம். இரண்டாவது பாலம் வருவதற்குள் அவள் என்னைத் தாண்டிவிட்டாள். மறுநாள் கல்வராயன் மலை அடிவாரம் வரை என் மோட்டார் சைக்கிளை அவள் ஓட்ட, நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன்.

"இன்னாங்க, பயந்துக்கினு வர்றீங்களா?"

"இல்லையே" என்றேன், பின் சீட்டுக் கம்பியை விடாமல்.

பள்ளி திறந்ததும் நான் மொபெட்டில் போனேன்.