லேப்டாப்பில் கேட்காத மணி

ஆர்லீனுக்கு முதல் நாளே மணி கேட்டது. கேட்கவில்லை என்று சொன்னதுதான் வினையாகிப்போனது.

மகள் பிரிட்டா எட்மன்டனில் ஒரு பாட்டுக் குழுவில் இருக்கிறாள். வரிசையாக அடுக்கிய இரும்புப் பட்டைகளைக் குட்டிச் சுத்தியால் தட்டி வாசிப்பாள். சின்னச் சின்ன மணிகள் உதிர்வதுபோல இருக்கும். குழுவின் முதல் பாட்டை வெளியிடுவதற்கு முன்னால் அப்பா ஆர்னிக்கு அனுப்பியிருந்தாள்.

ஆர்னி லேப்டாப்பைச் சாப்பாட்டு மேசைமேல் வைத்துக் கேட்டார். கிடார் வந்தது, டிரம் வந்தது.

"இவ வாசிச்சது எங்க? உனக்குக் கேக்குதா?"

அப்படிக் கேட்டபோது அவர் முகம் போன போக்கைப் பார்த்து ஆர்லீன் பயந்துவிட்டாள். பாதி வாழ்க்கையை மர அறுவை ஆலையில் கழித்தவர். அங்கே ரம்பத்தின் இரைச்சலில் யாரும் பேசுவதில்லை. கையால் சைகை காட்டுவார்கள், உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வார்கள். வீட்டிலும் ஆர்லீன் பேசும்போது அவள் உதட்டையே அவர் பார்ப்பதை அவள் கவனித்துத்தான் இருந்தாள். சொன்னதில்லை.

"இல்ல ஆர்னி. எனக்கும் கேக்கல."

அவர் முகம் தெளிந்தது. "அப்ப இந்த லேப்டாப்போட ஸ்பீக்கர்தான் சரியில்ல."

ஆலையில் எந்திரம் மக்கர் செய்தால் ஒரே நேரத்தில் இரண்டைத் தொடமாட்டார்கள். ஒன்றை மாற்றுவார்கள், ஓட்டிப் பார்ப்பார்கள், பிறகுதான் அடுத்தது. ஆர்னி அப்படியே ஆரம்பித்தார். நனைமோ ஊரில் மைலோவின் ஒலிக்கருவிக் கடைக்குப் போய்ப் பெரிய ஹெட்ஃபோன் வாங்கினார். மணி வரவில்லை. அடுத்து, லேப்டாப்புக்கும் ஹெட்ஃபோனுக்கும் நடுவில் செருகும், ஒலியைச் சுத்தமாக்கித் தரும் தீப்பெட்டி அளவுப் பெட்டி ஒன்றை வாங்கினார். அதிலும் வரவில்லை. உடனே மகளுக்குப் போன் போட்டார்.

"உன் மணியையே காணோம், பிரிட்டா. பதிவு பண்ணினவன் முழுங்கிட்டான். நான் மட்டும் சொல்லல, உங்கம்மாவும் அதான் சொல்றா."

பிரிட்டா நம்பிவிட்டாள். எட்மன்டனில் எல்லாருக்கும் கேட்டது. ஆனாலும் அப்பா சொன்னால் அவளுக்கு அதுதான் கடைசி வார்த்தை. திங்கட்கிழமை முழுப் பாட்டையும் திரும்பப் பதிவு செய்யப் போவதாகவும், அப்படிச் செய்தால் குழுவை விட்டே போய்விடுவேன் என்று கிடார்காரன் கத்துவதாகவும் அம்மாவிடம் அழுதாள். ஆர்லீன் போனைப் பிடித்தபடி நின்றாள். உண்மை வாய் வரைக்கும் வந்தது. ஆர்னி எதிரே உட்கார்ந்து அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை மறுபடி மைலோவின் கடை. ஆர்லீனும் கூடப் போனாள்.

"வாங்க ஆர்னி, இந்தத் தடவ ஸ்பீக்கரா?" மைலோ சிரித்தான். ஆர்னி வயசுதான் அவனுக்கும். "இத வாங்கினா ஆர்லீன் முணுமுணுக்கறதுகூட தெளிவாக் கேக்கும்."

"அப்ப வேணாம்ப்பா. அது கேக்காம இருக்கறதாலதான் குடும்பமே ஓடுது."

மூவரும் சிரித்தார்கள். ஆர்லீன்தான் முதலில் நிறுத்தினாள்.

மைலோ அவர்கள் கொண்டுபோன லேப்டாப்பை உயரமான ஸ்பீக்கர்களோடு இணைத்துப் பாட்டைப் போட்டான். தரை அதிர்ந்தது. அவன் முதுகைக் காட்டிக்கொண்டு அலமாரியில் எதையோ தேடியபடியே, "அட, அந்த மணி என்ன அழகா விழுது! உங்க பொண்ணா?" என்றான்.

ஆர்னி திரும்பவில்லை. கண்ணை மூடிக் காத்துக்கொண்டிருந்தார்.

பாட்டு முடிந்ததும், "இதுலயும் இல்ல" என்றார்.

மைலோ ஆர்லீனைப் பார்த்தான். அவள் தரையைப் பார்த்தாள். அவனுக்குப் புரிந்துவிட்டது என்று அவளுக்குத் தெரிந்தது.

"இதுக்கு மேல நல்ல ஸ்பீக்கர் எங்கிட்ட இல்ல, ஆர்னி" என்றான் மெதுவாக.

"லேப்டாப்ப இன்னும் மாத்தலயே. அதுதான் பாக்கி. வேற ஒண்ண கொண்டா."

அதையும் மாற்றியபின் மிச்சம் இருப்பது எது என்று அவரே கண்டுபிடித்துவிடுவார். இந்தக் கடையில், மைலோவின் முன்னால். அதை ஆர்லீனால் தாங்க முடியாது. அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். அவர் முகம் திரும்பும்வரை விடவில்லை.

"எனக்குக் கேக்குது."

"இப்பவா?"

"மொத நாளே கேட்டுது. நம்ம மேசைமேலயே, வெறும் லேப்டாப்புலயே."

ஆர்னி அவள் வாயைத் தப்பாகப் படித்துவிட்டவர்போலப் பார்த்தார். "கேக்கலன்னியே?"

"பொய் சொன்னேன்."

மைலோ அலமாரிப் பக்கம் போய்விட்டான். ஆர்னி லேப்டாப்பை மூடினார். கம்பியை ஒழுங்காகச் சுருட்டி மைலோவின் மேசைமேல் வைத்தார். வெளியே போய் வண்டியில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துகொண்டார். எப்போதும் அவர்தான் ஓட்டுவார்; இன்று ஆர்லீன் ஓட்டினாள். மலைப்பாதை முழுக்க மழை. அவள் கண் சாலையில் இருக்க, உதடு அவருக்குத் தெரியாது; என்ன பேசினாலும் போய்ச் சேராது.

வீட்டுக்கு வந்து கோட்டைக்கூடக் கழற்றாமல் மகளைக் கூப்பிட்டார்.

"திங்கக்கிழம ஒண்ணும் பண்ணாத. பாட்டு அப்படியே இருக்கட்டும். மணி இருக்கு. உங்கம்மாவுக்குக் கேக்குது."

அந்தப் பக்கம் பிரிட்டா வேகவேகமாக ஏதோ கேட்டாள். ஆர்னி போனைக் காதில் அழுத்திக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு அதை ஆர்லீனிடம் நீட்டினார்.

"அவ என்ன கேக்கறான்னு பாரு."