நல்ல நோயாளி எல்விரா

நவம்பரில் ஹக்கராந்தா மரங்கள் பூத்துத் தெருவெல்லாம் ஊதாவாகிவிட்டால், எல்விரா வழக்கமான நிறுத்தத்துக்கு முன்பே பேருந்திலிருந்து இறங்கி, பலெர்மோ பேட்டையின் அந்தப் பழைய வீட்டைக் கடந்து நடப்பாள். இப்போது அங்கே மூக்குக்கண்ணாடிக் கடை. அவளுடைய இளவயதில் அது சாப்பிட முடியாமல் போன பெண்களுக்கான பகல்நேரச் சிகிச்சை இல்லம். வாழ்நாளிலேயே மிகவும் மெலிந்து, மிகவும் பயந்து கிடந்த காலம் அது. அதற்காகப் போய் மனம் ஏங்குகிறதே என்று அவளுக்கே வியப்புதான்.

புவனோஸ் அயர்ஸில் மனத்துக்கு வைத்தியம் பார்த்துக்கொள்வது முடிவெட்டிக்கொள்வது போல. அவள் அம்மா ஒருவரிடம் போனாள், அப்பா வேறொருவரிடம். எல்லோருக்கும் தங்கள் மனத்தைப் பற்றி அழகாகப் பேச வந்தது. எல்விராவுக்கு இன்னும் அழகாக. முதல் மதிப்பெண் வாங்குபவளிடம்தான் பள்ளி விழாக்களில் தேசியக் கொடியைப் பிடிக்கக் கொடுப்பார்கள். கடைசி வருஷம் அதைப் பிடித்து நின்றவள் அவள். அந்தக் குணமும் அவளோடு சிகிச்சைக்கு வந்தது. வைத்தியர் நோயெமியின் முகம் எந்தப் பேச்சுக்கு மலரும் என்று சீக்கிரமே பிடிபட்டுவிட்டது.

"யார் மனசும் நோகக் கூடாதுன்னுதான் என் பசிய மறைச்சிருக்கேன் போல" என்பாள். நோயெமி தலையசைப்பாள்.

"ஏய் கொடிக்காரி, நோயிலயும் நீதான் ஃபர்ஸ்டா?" என்று பக்கத்து நாற்காலி தெல்மா சீண்டுவாள்.

இல்லத்தில் தட்டைக் காலி செய்தாள். வீட்டிலோ இரவுச் சாப்பாடு கைத்துணியில் சுருண்டு குப்பைக்குப் போனது.

தேறிவிட்டாள் என்று எல்விராவுக்கு விடைகொடுக்கும் நாள் வந்தது. போகிறவள் எல்லோருக்கும் இனிப்பு ரொட்டி வாங்கிவருவது வழக்கம். ஒரே சுரைக்குடுவையில் மாத்தே என்ற கசப்பு இலைத் தேநீர் கைமாறிக் கைமாறிச் சுற்றும். எப்போதும் ஊற்றுகிறவள் எல்விராதான். ஊற்றுகிறவளுக்குக் கை ஓயாது. அவள் தின்றாளா என்று யாரும் பார்ப்பதில்லை.

"இன்னைக்கு நீ விருந்தாளி. உக்காரு" என்று நோயெமி கெட்டிலை வாங்கிக்கொண்டாள்.

நோயெமிக்கு மாத்தே போடத் தெரியாது. அதற்குத் தண்ணீர் சுட்டால் போதும், கொதிக்கக் கூடாது; அவளோ கொதிக்கவிட்டு இலையை வேகவைத்துவிட்டாள். வைத்தியர் ஊற்றியது என்பதால் ஒவ்வொருத்தியும் மரியாதையாக உறிஞ்சிவிட்டுக் குடுவையைத் திருப்பிக் கொடுத்தாள். எல்விராவின் முறை வந்தது.

"எப்படி இருக்கு?"

ரொம்ப நல்லா இருக்கு என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதைச் சொன்னால் எல்லோரும் கைதட்டுவார்கள், கதவு திறக்கும், அப்புறம் யாரும் எதையும் கேட்கப்போவதில்லை. அந்தக் கதவைப் பார்த்தவள் குடுவையைத் திருப்பி நீட்டினாள்.

"மோசம். தண்ணிய கொதிக்கவிட்டுட்டீங்க. வாயில வைக்க முடியல."

"அப்பாடா, ஒருத்தியாவது சொன்னாளே" என்றாள் தெல்மா.

நோயெமியின் முகம் ஒன்றும் உடைந்துபோகவில்லை. கெட்டிலுக்குள் எட்டிப் பார்த்தாள். "ஆமா, எனக்கு இது வராது" என்றாள்.

அவ்வளவுதானா? ஒருவரிடம் குறை சொன்னால் நடப்பது இவ்வளவுதானா? எல்விராவுக்கு அழுகை முட்டியது.

"ராத்திரி சாப்பாட்ட குப்பையில போடுறேன். இங்க நான் சொன்னதெல்லாம் நீங்க கேக்க ஆசப்பட்டது."

நோயெமி கெட்டிலைக் கீழே வைத்தாள். "நானும் நம்பிட்டேனே. அவ்வளவு அழகா சொன்ன நீ" என்றாள். பிறகு, "திங்கட்கிழமை வா. அழகா பேசணும்னு இல்ல" என்றாள்.

அதற்குப் பிந்தைய மாதங்களுக்காகத்தான் இந்த ஏக்கம் என்று நடந்துபோகையில் எல்விராவுக்குத் தோன்றும். உளறினாள், சண்டை பிடித்தாள், சில நாள் வாயே திறக்கவில்லை. குணம் மெதுவாகத்தான் வந்தது, முழுசாகவும் இல்லை. நோயெமியைப் பெரிய மேதை என்று சொல்ல இன்றுவரை அவளுக்கு மனம் வந்ததில்லை. முகம் சுளிக்காமல் கேட்டாள்; அதற்கு மேல் எதுவும் அப்போது தேவைப்படவுமில்லை.

அந்த விடைபெறும் நாளின் மாலையில் எல்லோரும் கலைந்தபோது, தட்டில் மிஞ்சிய ரொட்டியைத் தெல்மா பிய்த்துப் பாதியை அவள் பக்கம் தள்ளிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். எல்விரா மூக்கை உறிஞ்சியபடி, மடியெல்லாம் துகள் சிந்த, அதைத் தின்றாள்.