கோணியில் செத்தவன்

மயிலாப்பூர் ராஜகோபாலனுக்குக் கறை என்றால் உயிர். காய்ந்த ரத்தத்தைப் பார்த்து, கொட்டியது எவ்வளவு என்று போலீசுக்குச் சொல்வது அவர் உத்தியோகம். வேட்டியில் ரசம் சிந்தினாலும் “நாப்பது மில்லி” என்பார். “தோய்க்கறது நான். வாயை மூடிண்டு சாப்பிடுங்கோ” என்பாள் மனைவி சுப்புலக்ஷ்மி.

நொச்சிக்குப்பத்தில் மீன் விற்கும் அம்மாசி, கூட்டாளி கதிரேசனின் மூக்கை உடைத்தான். மீன் பரப்பும் கோணியெல்லாம் ரத்தம். அன்றோடு கதிரேசனைக் காணோம். கொலை என்று அம்மாசியைப் போலீஸ் உள்ளே வைத்தது. செத்தானா, ஓடினானா? அம்மாசி வெளியே வருவது இனி அந்தக் கோணியின் கையில்.

கறை பட்ட துண்டை எடை போட வேண்டும். அதே கோணியில், அதே அளவில், கறையில்லாத துண்டையும் போட வேண்டும். வித்தியாசம் காய்ந்த ரத்தம். ஐந்தால் பெருக்கினால் ஈர ரத்தம். அவ்வளவுதான் வித்தை.

கோணியைப் பிரித்ததும் நாற்றம் குப்பென்று வந்தது. கறைத் துண்டைக் கிடுக்கியால் பிடித்து வெட்டி எடுத்தார், கடமையாயிற்றே. அதற்கு மேல் அதைத் தொட அவர் மூக்கு சம்மதிக்கவில்லை. கறையில்லாத துண்டுக்கு மாட வீதி அரிசிக் கடையில் புதுக் கோணி வாங்கி வெட்டினார். வாசனையாக இருந்தது.

விடை: இரண்டரை லிட்டர். “இவ்வளவு போனா ஆள் பிழைக்க முடியாது” என்று கோர்ட்டில் சொன்னார். ஜாமீன் இல்லை.

அம்மாசியின் பெண்டாட்டி தேவானை அவரை வராந்தாவில் மறித்தாள். “யோவ், மூக்குல குத்துனா அத்தினி ஊத்துமா? அவன் மூக்கு இன்னா தண்ணி லாரியா?”

“கணக்கு பொய் சொல்லாது. தள்ளி நில்லும்மா, வாடை அடிக்கறது.”

“நாறுதா? இரு, நீ சாவடிச்சவனையே இட்டாந்து நிறுத்தறேன்.”

கதிரேசனின் சொந்தக்காரர் வீட்டுக் கதவையெல்லாம் தட்டினாள். அடுத்த வாய்தாவில், காலரைப் பிடித்து அவனை இழுத்து வந்தாள். வடபழனியில் மச்சான் வீட்டில் பதுங்கியிருந்தானாம். “அவன் உள்ள கெடக்கட்டும்னுதான்” என்றான், கூசாமல்.

ராஜகோபாலன் கண்ணாடியைத் துடைத்தார். “இவ்வளவு ரத்தம் போயும் நிக்கறானே!”

நீதிபதி சிரிக்கவில்லை. ஒப்பிட்டது அரிசிக் கடைக் கோணி என்று கேட்டறிந்து, அந்த மீன் கோணியிலேயே கறையில்லாத மூலையை வெட்டி மறுபடி எடை போடச் சொன்னார். மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொண்டு வெட்டினார் நிபுணர். வருஷக்கணக்கில் உப்பும் செதிலும் ஏறிய மூலை; கறைத் துண்டின் கனம்தான் கிட்டத்தட்ட. ரத்தம் அரை டம்ளர். மற்றதெல்லாம் கடல் உப்பு.

அம்மாசி வெளியே வந்ததும் கதிரேசன் மேல் கை ஓங்கினான். தேவானை குறுக்கே விழுந்தாள்.

“வாணாம் மாமா! ஒரு சொட்டு கீய விழுந்தா போதும். அந்தாளு அஞ்சால பெருக்கிடுவாரு.”