பூட்டிட்டு வர்றேன்

மார்ச் 3: 9.10 – 9.14. நான்கு நிமிடம்.
மார்ச் 3: 9.31 – 9.42. பதினொன்று.
மார்ச் 3: 10.05 – 10.11. ஆறு.
ஆக, இருபத்தொன்று.

குக்கர் விசில் அடித்தால் என் மருமகள் உடனே எழுந்து ஓடமாட்டாள். முதலில் கணினியில் தன் கணக்கை விட்டு வெளியேறுவாள். "இரு, பூட்டிட்டு வர்றேன்" என்று விசிலுக்கே பதில் சொல்வாள். வாசல் மணிக்கும் அதே பதில்தான், தொட்டிலில் அழும் பிள்ளைக்கும் அதேதான்.

மருத்துவமனைப் பதிவேட்டு வேலைக்கு அஞ்சல்வழியில் படிக்கிறாள். பயிற்சிக்கென்று நிறுவனம் அனுப்பிய நோயாளிகள் எல்லாரும் கற்பனை ஆட்கள். அவர்களுடைய மூலநோய் விவரம்கூட வீட்டில் எவர் கண்ணிலும் பட்டுவிடக் கூடாது அவளுக்கு. "இல்லாத ஆளுக்கு எதுக்கும்மா இவ்வளவு காவல்?" என்று கேட்டேன். "இல்லாத ஆளுன்னாலும் மானம் மானந்தானே மாமா" என்றாள்.

கூடத்தில் இருப்பது ஒரே கணினி. யார் எப்போது நுழைந்தார், எப்போது வெளியேறினார் என்று அதுவே குறித்து வைக்கிறது. மாலையில் நான் நோட்டில் ஏற்றுவேன். ஆலையில் நாற்பது வருடம் வருகைப் பதிவேடு எழுதிய கை, சும்மா இருக்காது. என் மகன் பெயரில் ஒன்பது மணி நேரம் என்று இருக்கும். அதில் ஏழு மணி நேரம் அவன் வீட்டிலேயே இருந்திருக்கமாட்டான்.

"நாலு நாலு நிமிஷமாப் படிச்சா நீ கிழவியானப்புறந்தான் பாஸாவே" என்று அவன் சீண்டுவான்.

"உங்க ஒம்போது மணி நேரமும் நாற்காலிதான் படிச்சுது" என்பாள்.

தேர்வு எழுத முந்நூறு மணி நேரப் பயிற்சி வேண்டும். கால் மணிக்குக் குறைந்த அமர்வுகளைச் சேர்க்க இயலாது, தங்களுக்கு நூற்றுப்பன்னிரண்டுதான் என்று நிறுவனம் எழுதிவிட்டது. அன்று அவள் சாப்பிடவில்லை. மறுநாள் காலை 9.05க்கு மறுபடி உட்கார்ந்துவிட்டாள்.

பதினான்கு மாத நோட்டை நகலெடுத்து நான் அனுப்பினேன். 1,938 நுழைவுகள், அத்தனைக்கும் வெளியேற்றம். மொத்தம் 306 மணி 40 நிமிடம். 'இதில் ஆளில்லாத நிமிடம் ஒன்றுகூட இல்லை' என்று கீழே எழுதி, ஒப்பிட்டுப் பார்க்க என் மகனின் பக்கம் ஒன்றையும் இணைத்தேன்.

நிறுவனத்தின் கடைசிக் கடிதத்தை வாசலிலேயே பிரித்தவன் அவன்தான். "ஏய், அத்தனை மணி நேரத்தையும் ஏத்துக்கிட்டாங்க! பரீட்சை எழுதலாமாம்! ஓடி வா!" என்று தெருவுக்கே கேட்கக் கத்தினான்.

"இருங்க, பூட்டிட்டு வர்றேன்" என்று கூடத்திலிருந்து குரல் வந்தது.

நுழைவு 10.26. வெளியேற்றம் 10.33. கடிதம் வந்த நாள், மே 12.