துருவ நட்சத்திரமும் எதிர்வீட்டுப் பச்சை வலையும்

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், தை மாதம். ஆவடியைத் தாண்டி வெள்ளானூரில் வீடு கட்டி நாங்கள் குடிவந்த புதிது. அம்பத்தூரில் வாடகைக்கு இருந்தவரை மொட்டை மாடி என்பது வீட்டுக்காரருடைய சொத்து. நாம் தயங்கித் தயங்கித்தான் ஏற வேண்டும். இங்கே சொந்தமாக ஒரு மாடி, தலைக்கு மேலே ஓரளவுக்கு இருட்டான வானம். யூடியூபில் பார்த்துப் பார்த்துப் பல வருடம் ஏங்கிய ஆசை அப்போதுதான் தலைதூக்கியது. நட்சத்திரங்கள் பிறக்கிற வண்ணப் புகை மண்டலங்களான நெபுலாக்களை நானே படம் எடுக்க வேண்டும்!

கேமரா ஏற்கெனவே இருந்தது. நீளமான லென்ஸ் ஒன்றையும் டிராக்கர் என்கிற கருவியையும் வானகரத்தில் ஒருவரிடம் செகண்ட் ஹேண்டில் வாங்கி வந்தேன். என் மனைவி அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, காபிக்கொட்டை அரைக்கிற மிஷின் மாதிரி இருக்கிறதே என்றாள். அது என்ன செய்யும் என்று சொல்லிவிடுகிறேன். பூமி சுற்றுவதால் நட்சத்திரங்கள் மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கின்றன. ஒரு நிமிடம் தொடர்ந்து படம் எடுத்தால், புள்ளியாக விழ வேண்டியது கோடாக இழுத்துக்கொள்ளும். டிராக்கர் கேமராவை நட்சத்திரங்களோடு சேர்த்துத் திருப்பி அதைத் தடுக்கும். ஆனால் முதலில் அதன் அச்சை வடக்கே துருவ நட்சத்திரத்துக்கு நேராக நிறுத்தியாக வேண்டும். அதற்கென்றே அதற்குள் விரல் கனத்தில் ஒரு குட்டித் தொலைநோக்கி உண்டு. ஒரு கண்ணை மூடி, இன்னொரு கண்ணை அதில் வைத்துப் பார்க்க வேண்டும்.

வீடியோக்களில் வெளிநாட்டுக்காரர்கள் அதை வானத்தின் பாதி உயரத்துக்குத் தூக்கி வைத்திருப்பார்கள். அவர்கள் ஊரில் துருவ நட்சத்திரம் அவ்வளவு மேலே. நம் சென்னையிலோ அது கூரைகளுக்குச் சற்று மேலேதான் கிடக்கிறது. எங்கள் மாடியிலிருந்து பார்த்தால், எதிர்வீட்டு மாடியின் கைப்பிடிச் சுவருக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவே ஓர் இடைவெளி. அந்த இடைவெளியில்தான் அது மங்கலாக மினுக்கிக்கொண்டிருந்தது. எனக்குப் பரம சந்தோஷம்.

தினமும் வேலை முடிந்து வந்து, இருட்டியதும் மேலே போய்விடுவேன். கேமராவைத் தாங்கும் முக்காலியை நிறுத்தி, நெற்றியில் ஒரு சிவப்பு விளக்கைக் கட்டிக்கொள்வேன். வெள்ளை வெளிச்சம் இருட்டுக்குப் பழகிய கண்ணைக் கெடுத்துவிடும். அப்புறம் குந்தி உட்கார்ந்து, வடக்கே பார்த்தபடி திருகாணிகளைத் திருகிக்கொண்டே இருப்பேன். கிழக்கே திருவாதிரை ஜம்மென்று ஏறி வரும். அதற்குப் பக்கத்தில் இருக்கிற நெபுலாதான் என் முதல் குறி. படம்தான் உருப்படியாக வரவில்லை. எடுத்த படத்தில் எல்லாம் நட்சத்திரங்கள் சீரகம் சிதறியதுபோல நீண்டு கிடந்தன.

இந்த லட்சணத்தில், எதிர்வீட்டு மாடியில் திடீரென்று ஒரு பச்சை வலை முளைத்தது. செடிகளுக்கு நிழலுக்காகக் கட்டுவார்களே, அது. எங்கள் பக்கமாக மட்டும், சுவரிலிருந்து தொட்டி உயரத்துக்கு இழுத்துக் கட்டியிருந்தார்கள். என் துருவ நட்சத்திரம் போயே போச்சு. எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல. அந்த மாடியில் ஒரு துளசிச் செடிகூடக் கிடையாது, வலை எதற்கு என்று மனைவியிடம் புலம்பித் தீர்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நேரே போய்க் கேட்டுவிடுவது என்று கிளம்பினேன். அவர்கள் அந்த ஊர்க்காரர்கள். தலைமுறை தலைமுறையாக அங்கே விவசாயம் பார்த்த குடும்பம். ஓர் அம்மா, அவருடைய மகள், அம்மாவின் தம்பி, மூன்றே பேர். வாசலில் பார்த்தால் தலையசைத்துக்கொள்வோம், அவ்வளவுதான் பழக்கம். முன்னறையில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. அந்த அம்மா தையல் மிஷினில் உட்கார்ந்திருந்தார். நான் சிரித்த முகத்தோடு, மாடி வலையைக் கொஞ்சம் இறக்கிக் கட்ட முடியுமா, எனக்கு மறைக்கிறது என்றேன்.

மிஷின் நின்றது. அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“நீங்க தெனம் குந்திகினு எங்க ஊட்டையே பார்க்கிறீங்கன்னுதானே சார் வலையே கட்டனோம்?”

எனக்கு முதலில் புரியவே இல்லை. புரிந்ததும் காது இரண்டும் சூடாகிவிட்டது. என்னையா? காலேஜ் ஹாஸ்டலில் படிக்கிற ஒரு பெண்ணுக்கு அப்பன் நான். அவமானத்தைவிடக் கோபம்தான் முதலில் வந்தது. வானம், நெபுலா, டிராக்கர் என்று என்னென்னவோ உளறினேன். தம்பிக்காரர் எழுந்து நின்று, “மொதல்ல அந்த கேமராவ எடுத்துகினு வா சார், பார்ப்போம்” என்றார். இந்தப் பேச்சு தெருவில் பரவினால் நான் எந்த முகத்தோடு நடமாடுவது? வீட்டுக்கு ஓடினேன்.

மனைவியும் என்ன ஏதென்று பதறிக்கொண்டு கூடவே வந்தாள். தம்பிக்காரர் ஒரு படம் விடாமல் தள்ளித் தள்ளிப் பார்த்தார். எல்லாமே கறுப்பு வானமும் சீரகமும்தான். வெறும் புள்ளியாகத்தான் இருக்கிறது என்று முனகிவிட்டு, கேமராவை இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார். நான் கேஸில் ஜெயித்த வக்கீல்போல எல்லோரையும் ஒரு பார்வை பார்த்தேன்.

அதுவரை உள்ளே இருந்த மகள் அப்போதுதான் வெளியே வந்தாள்.

“படம் எடுக்கலன்னு இப்ப தெரியுது சார். இத்தினி நாளா எனக்கு எப்பிடித் தெரியும்? நான் மாடிக்கே போறதில்ல.”

அவள் அரசாங்க வேலைக்கான பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். வாய்விட்டுப் படித்தால்தான் அவளுக்கு மனதில் நிற்கும். கீழே டிவி, தையல் மிஷின், வருவோர் போவோர். மாடியில் பல்பைப் போட்டுக்கொண்டு, சாயங்காலத்தில் நடந்துகொண்டே படிப்பதுதான் அவளுடைய வழக்கம். நான் முக்காலியோடு வந்ததிலிருந்து அது நின்றுபோயிருக்கிறது. வலை கட்டிய பிறகும் அங்கே நிற்கக் கூச்சமாக இருந்ததாம். பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது.

அப்போதாவது நான் வாயை மூடியிருக்கலாம். டிராக்கரில் இருக்கிற அந்தக் குட்டித் தொலைநோக்கியில் வானத்தைத் தவிர வேறு எதுவுமே தெரியாது, வேண்டுமானால் நீங்களே வந்து பாருங்கள் என்று சவால் விட்டேன். அந்த அம்மா உடனே எழுந்துவிட்டார். மகளை அவர்கள் மாடிக்குப் போய், வலையை ஒரு பக்கம் அவிழ்த்துவிட்டு அங்கேயே நிற்கச் சொன்னார். என் மனைவியும் அவரும் என்னோடு எங்கள் மாடிக்கு வந்தார்கள். அதற்குள் நன்றாக இருட்டியிருந்தது.

நான் வழக்கம்போலக் குந்தி, துருவ நட்சத்திரத்தை நடுவில் நிறுத்திவிட்டு விலகினேன். அந்த அம்மா புடவையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு குந்தி, கண்ணை வைத்தார். வெகுநேரம் பார்த்தார்.

“நட்சத்திரம் தெரியுது சார்” என்றார். “எம் பொண்ணு நிக்கிறதும் தெரியுது. தலகீழா.”

நான் குனிந்து பார்த்தேன். உண்மைதான். அந்தத் தொலைநோக்கி எல்லாவற்றையும் தலைகீழாகத்தான் காட்டும். நடுவில் என் நட்சத்திரம். ஓரத்தில், மாடி பல்பின் வெளிச்சத்தில், கலங்கலாக ஒரு பெண். சுவரைப் பிடித்திருந்த கை வரைக்கும் தெரிந்தது. இத்தனை நாளும் அந்தப் புள்ளியை மட்டுமே தேடிய என் கண் மற்றதை எல்லாம் தள்ளிவிட்டிருக்கிறது. ஆரம்ப நாட்களில் அவள் அங்கே நின்றிருந்தாளா என்று கேட்டால் இன்றைக்கும் எனக்குத் தெரியாது. நான் பார்க்கவில்லை என்று சத்தியம் செய்வேன். ஆனால் பார்க்கும்படியாகத்தான் உட்கார்ந்திருந்தேன்.

வெட்கமாகிவிட்டது. மன்னிச்சிடுங்கம்மா என்றேன். அந்த அம்மா குரலை உயர்த்தவே இல்லை. “கேமராவ வெக்கறதுக்கு முன்னாடி ஒரு வார்த்த சொல்லியிருந்தா போதும் சார்” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். என் மனைவி முக்காலியை மடக்க ஆரம்பித்தாள். எதிர்வீட்டில் நம் பெண் நின்றிருந்தால் நீங்கள் சும்மா இருந்திருப்பீர்களா என்று கேட்டுவிடுவாளோ என்று பயந்தேன். கேட்கவில்லை. அதுதான் இன்னும் சுருக்கென்று தைத்தது.

துருவ நட்சத்திரம் தெரியாத இடத்தில் இருப்பவர்கள் செய்கிற வேறொரு முறை உண்டு என்று அப்புறம் தெரிந்துகொண்டேன். தெற்கே ஒன்று, கிழக்கே ஒன்று என இரண்டு நட்சத்திரங்களைக் கவனித்து, அவை விலகுகிற பக்கத்தைப் பார்த்து டிராக்கரின் அச்சைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்துவது. நேரம் பிடிக்கும், முதுகு போய்விடும். ஆனால் எங்கள் வீட்டுக்குத் தெற்கிலும் கிழக்கிலும் காலி மனைகள்தான். யார் வீட்டு மாடியும் கிடையாது. ஒருநாள் எதிர்மாடியில் வலை இல்லை. நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை, காதில்தான் விழுந்தது: அவள் அரசியலமைப்புச் சட்டத்தை வரிவரியாக ஒப்பித்துக்கொண்டு நடந்துகொண்டிருந்தாள்.

மாசி மாதத்தில் நெபுலா எனக்குக் கிடைத்தது. இளஞ்சிவப்பில் ஒரு கைப்பிடிப் புகை, ஊசிமுனைபோல நட்சத்திரங்கள். எதிர்வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். பூ மாரி கீது என்று அந்த அம்மா சிரித்தார்.

என் மனதில் கெட்ட எண்ணம் இல்லை என்பது எனக்குத் தெரிந்தால் போதும் என்றுதான் அத்தனை வயதுவரை வாழ்ந்திருந்தேன். அது எதிரே நிற்கிறவருக்கும் தெரிய வேண்டும், தெரியப்படுத்த வேண்டியது என் வேலைதான், அவருடைய வேலை அல்ல என்பதை அந்த அம்மா குந்தி உட்கார்ந்து பார்த்த அந்தச் சில நிமிடங்களில்தான் நான் கற்றுக்கொண்டேன்.